சிறகிற் படிந்த பனி

பனி என்றதும் எமக்கு நினைவில் எழுவன மார்கழி வைகறையும் புல்நுனியிற் தங்கிய நீர்த்துளியுமே. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் பிறந்து வளர்ந்த நான் உறைந்த பனியை முதன்முதலிற் கண்டது, பேராதனையிற் பயின்ற காலத்தில், நண்பர் சிலருடன் நுவரெலியாவுக்குச் சென்றிருந்த ஒரு தை மாதக் காலையிலாகும். புற்றரை மீது வெண்டூள் தூவியது போற் கிடந்த அதனைக் காலாற் கிளறி மகிழ்ந்தோம். அத்துணை மெல்லிய படலமொன்று விமானத்தை வீழ்த்தவல்லது என்று அன்று எவரேனும் கூறியிருப்பின் நாம் நகைத்திருப்போம்.

சில ஆண்டுகளின் பின்னர் புலமைப்பரிசில் பெற்றுக் கனடா சென்று, பௌதிகத்திற் பட்டப்பின் படிப்பை மேற்கொண்டேன். 1997ஆம் ஆண்டு தை மாதத்தில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதிச் சிறு நகரொன்றில் நடைபெற்ற கருத்தரங்கு முடிந்து, இரவு விமானத்தில் ரொறன்ரோ திரும்ப வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது சிறகை நோக்கிய சாளரத்தோர இருக்கை. வெளியே பனி மெல்லப் பெய்துகொண்டிருந்தது. விமான நிலைய விளக்கொளியிற் சிறகின் மேற்பரப்பைக் கண்டேன். அதன் உலோக நிறம் தெரியவில்லை, வெண்மையே தெரிந்தது.

அந்த வெண்மையின் பொருள் எனக்குத் தெரியாததன்று. விமானத்தைத் தாங்கும் உயர்த்துவிசை, சிறகின் வளைந்த மேற்பரப்பைத் தழுவி வளி ஒழுங்காகப் பாய்வதில் தங்கியுள்ளது. மேற்பரப்பு கரடுமுரடானால் வளி உரிய இடத்துக்கு முன்பே பிரிந்து சுழலத் தொடங்கும். தச்சர் பயன்படுத்தும் நடுத்தர அரத்தாளின் கரட்டுத்தன்மை மட்டுமே கொண்ட உறைபனியும் உயர்த்துவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, இழுவையை 40 சதவீதம் வரை கூட்டவல்லது. இங்கே பகை பனியின் எடையன்று. அது சிறகின் வடிவத்தைக் கெடுப்பதே. ஓடுபாதையில் வேகம் கூடும்போது பனி தானே பறந்துவிடும் என்பாருமுளர். உதிரியாகக் கிடக்கும் பனி பறக்கக்கூடும். ஒட்டி உறைந்தது பறப்பதில்லை.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. விமானிக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிடுமா என்பது முதற் சமாதானம். நானோ அயல்நாட்டு மாணவன். பக்கத்து இருக்கைக்காரர் அமைதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அஞ்சுவது நாணத்தக்கது என்பது இரண்டாவது. மூத்தோர் முன்னிலையில் வினா எழுப்பாதிருப்பதே பண்பு என்று இளமையிலிருந்து பயின்ற பழக்கம் இவ்விரண்டுக்கும் துணைநின்றது. விமானத்தின் கதவு மூடப்பட்டது.

அவ்வேளையில் விமானி தமது அறையிலிருந்து மின்சூளுடன் வெளியே வந்தார். எனது இருக்கையருகே நின்று, பொறுத்தருளுமாறு கூறிக் குனிந்து, சாளரத்தின் வழியே சிறகை நெடுநேரம் நோக்கினார். பின்னர் என்னைப் பார்த்து, “எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது?” என்று வினவினார். “நான் வந்து அமர்ந்தபோதே இருந்தது” என்றேன். அவர் முகத்திற் சினமில்லை. “அடுத்த முறை எங்களிடம் சொல்லுங்கள்” என்று மட்டும் கூறிச் சென்றார்.

சற்று நேரத்தில் உயரத் தூக்கிய கையுடன் ஒரு வண்டி வந்தது. கிளைக்கோல் கலந்த செம்மஞ்சள் நிறச் சூடான திரவம் பீச்சப்பட்டுப் பனி உருக்கி அகற்றப்பட்டது. அதன்மேற் பச்சை நிறமான தடித்த திரவமொன்று பூசப்பட்டது. புதிதாக விழும் பனி சிறகிற் பற்றாமற் காத்து, விமானம் வேகமெடுத்து ஓடும்போது தானே வழிந்து நீங்குவது அதன் இயல்பு. அக்காப்பும் குறித்த நேரத்துக்கே உரியது. வெப்பநிலைக்கும் பனிப்பொழிவின் கடுமைக்கும் ஏற்ப அந்நேரத்தைக் கூறும் அட்டவணைகள் விமானிகளிடம் உண்டு. நாம் நலமே ரொறன்ரோ சேர்ந்தோம்.

எனினும் அச்சிறு வாக்கியம் என்னை விட்டு நீங்கவில்லை. அதன் உறுத்தலாலேயே, அதே மாகாணத்தின் டிறைடன் நகரில் 1989ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் நிகழ்ந்த விபத்துப் பற்றிய விசாரணை அறிக்கையைத் தேடிப் படித்தேன். ஃபொக்கர் எஃப்-28 வகை விமானமொன்று சிறகிற் பனியுடன் புறப்பட்டு, ஓடுபாதைக்கு அப்பாலுள்ள காட்டில் வீழ்ந்தது. அதிலிருந்த 69 பேரில் 24 பேர் மாண்டனர். விமானத்தின் துணைமின் இயந்திரம் பழுதுற்றிருந்தது. பிரதான இயந்திரங்களை நிறுத்தினால் மீண்டும் இயக்குவதற்கான வசதி அந்நிலையத்தில் இல்லை. இயந்திரம் ஓடும்போது பனி நீக்கத் திரவம் தெளிப்பதற்கோ தடையிருந்தது. இவை ஒருபுறமிருக்க, என் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. பயணிகளாக அமர்ந்திருந்த, பணியில் இல்லாத இரு விமானிகளும், உயிர் தப்பிய பணிப்பெண்ணும் அப்பனியைக் கண்டிருந்தனர். எவரும் விமானியிடம் கூறவில்லை. நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கி 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட இறுதி அறிக்கை, விமானியின் முடிவோடு நின்றுவிடாது, அம்முடிவுக்கு இடமளித்த அமைப்பு முழுவதையும் ஆராய்ந்தது.

சொல்லாமை ஒருவகைக் குறையென்றால், சொல்லியும் ஏற்கப்படாமை மற்றொன்று. 1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், பனிப்பொழிவின் நடுவே வாஷிங்டனிலிருந்து எயார் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் புறப்பட்டது. பனி நீக்கப்பட்டு ஏறத்தாழ 49 நிமிடங்கள் கழிந்திருந்தன. இயந்திரங்களைப் பனியிலிருந்து காக்கும் வெப்பமூட்டும் அமைப்பு இயக்கப்படவில்லை. அதனால் அமுக்கத்தை அளக்கும் சிறு குழாய்கள் அடைபட்டு, மானி 2.04 என்று காட்டியது. உண்மையில் உந்துவிசை 1.70 என்னும் அளவிலேயே இருந்தது. வாசிப்புகள் சரியாகப் படவில்லை என்று துணை விமானி ஓடுபாதையில் ஒரு முறைக்கு மேற் கூறினார். தலைமை விமானி புறப்பாட்டை நிறுத்தவில்லை. விமானம் பாலமொன்றில் மோதிப் பொற்றோமக் ஆற்றில் வீழ்ந்தது. பாலத்திற் சென்ற நால்வர் உட்பட 78 பேர் உயிரிழந்தனர்.

சிறகில் உறைபனியோ பனிக்கட்டியோ ஒட்டியிருப்பதைக் காணும் பணியாளர் எவராயினும் உடனே தலைமை விமானிக்கு அறிவித்தல் வேண்டும், புறப்படுமுன் சிறகுகள் சோதிக்கப்படுதல் வேண்டும் என்று கனடாவின் விமானச் சட்டம் இன்று விதிக்கிறது. பேசுவதைத் துணிவுள்ளவரின் விருப்புக்கு விடாது கடமையாக்கியமையே அச்சட்டத்தின் சிறப்பென எண்ணுகிறேன். பயணியை அச்சட்டம் குறிக்கவில்லை. ஆயினும் எனக்கு அக்கடமையை ஒருவர் அன்றிரவே விதித்துச் சென்றுவிட்டார்.

இப்பொழுது நான் கற்பிக்கும் ஆய்வுகூடத்தில், சில வேளைகளில் மாணவரொருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, “சேர், இந்த வாசிப்புச் சரியாகப் படவில்லை” என்பார். பெரும்பாலும் மானி சரியாகவே இருக்கும். தவறியவர் மாணவராகவே இருப்பார். எனினும் நான் எழுந்து சென்று பார்க்கிறேன். மின்சூளுடன் வந்த அம்மனிதர் என் சொல்லுக்காகக் காத்திராமலே எழுந்து வந்தார் என்பதை நான் மறந்ததில்லை.