மேசையிலே கேட்ட தாளம்

முப்பத்தைந்தாம் வயதிலே மிருதங்கம் கற்கப் புகுந்தோம். கேள்வியுற்ற சக ஆசிரியர்கள் நகைத்தனர். நகைப்புக்கு நியாயமும் இருந்தது. முதல் மூன்று மாதங்களும் நாம் செய்தது பயிற்சியன்று. வெறுமனே ஓசை எழுப்பினோம். மாலையில் இரண்டு மணி நேரம் ஓயாது அடிப்போம். தெரிந்ததையே திரும்பத் திரும்ப வேகமாக வாசித்து மகிழ்வோம். தெரியாத இடம் வந்தால் கை தானாகவே அதைத் தாண்டிச் சென்றுவிடும். அயல் வீட்டார் பொறுமைசாலிகள்.

இத்தனைக்கும் முதற்பாடம் 'த தி தொம் நம்' என்னும் நான்கு சொற்களே. 'தொம்' என்னும்போது இடக்கை தொப்பியிலே பட்டவுடன் மீளவேண்டும். மீளாவிடில் நாதம் அங்கேயே செத்துவிடும். 'நம்' என்னும்போது மோதிரவிரல் தோலிற் பட்டும் படாமலும் தங்க, சுட்டுவிரல் வலந்தலையின் விளிம்பிலே விழவேண்டும். எண்ணிக்கைக்கு ஒரு சொல்லாக, முதற் காலத்திலே, இவற்றை ஒழுங்காக வாசிக்க எம்மால் முடியவில்லை. எண்ணிக்கைக்கு நான்காக மூன்றாம் காலத்தில் ஓட்டினால் பிழை வெளியே தெரியாது. ஆகவே ஓட்டினோம். பரீட்சைக்குப் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு இது பழகிய வித்தை.

அந்நாட்களிலே உயர்தர வகுப்பில் கருப்பொருள் பற்றிய பாடம் நடந்தது. தொல்காப்பியர் பறையையும் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணியதையும், குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பின்வந்தோர் வகுத்ததையும் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலே மெல்லிய ஓசை கேட்டது. மாணவன் ஒருவன் மேசை விளிம்பிலே இரு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. "கையை எடு" என்றோம், கடுமையாக. எவனோ ஒருவன் தாழ்ந்த குரலிலே சாதிப்பெயரைச் சொன்னான். சிலர் சிரித்தனர். நாம் கேளாதவர்போலப் பாடத்தைத் தொடர்ந்தோம். பறையின் பழம்பெருமையைத்தான் தொடர்ந்தோம்!

அம்மாணவனின் தகப்பனார் மரணவீடுகளிலே பறை அடிப்பவர். 1957இலே வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பற்றியும், 1966 ஒக்டோபர் 21இலே தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பற்றியும் நாம் மேடைகளிலே முழங்கியிருக்கிறோம். வகுப்பறையிலே ஒரு சொல் எழவில்லை.

அன்றிரவு மிருதங்கத்தின் முன் அமர்ந்தபோதுதான் மற்றொன்றும் உறைத்தது. அவன் மெதுவாகவன்றோ தட்டினான்! ஒரே இடத்துக்கு நாலைந்து தரம் திரும்பி வந்தானன்றோ! மறுநாள் பாடசாலை விட்டதும் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். பின்னர் தட்டியது என்னவென்று வினவினோம்.

"ஒரு இடம் பிழைச்சுக்கொண்டிருந்தது, சேர். அதைத்தான் பாத்தனான்."

"முழுவதையும் அடிப்பதில்லையா?"

"சரியா வாற இடத்தை ஏன் சேர் அடிக்கிறது?"

வீட்டிலே பழகுவதில்லையாம். தகப்பனார் ஏசுவாராம்: "இது என்னோட முடியட்டும், நீ படி." ஆகவே பஸ்ஸிலும் மேசையிலும் கிடைக்கும் ஐந்து நிமிடந்தான் அவனுக்குரியது. ஐந்தே நிமிடம் உடையவன் பிழையான இடத்துக்கே நேரே செல்கிறான். இரண்டு மணி நேரம் உடைய நாம் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினோம்.

அன்றுமுதல் இருபது நிமிடமே அமர்ந்தோம். சுவர்க்கடிகாரம் நிமிடத்துக்கு 60 தரம் துடிக்கிறது, அதுவே தாளம். முதலிலே சொற்களை வாயாற் சொல்வோம். வாய் தடுமாறும் இடத்திலேயே கையும் தடுமாறுவதைக் கண்டோம். பின்னர் அந்த இடத்தை மட்டும், இடக்கையைத் தனியே, வலக்கையைத் தனியே, பழகுவோம். வேகத்தை நாடவில்லை. இரண்டு மாதத்திலே 'தொம்' சற்று வாய் திறந்தது.

"பறை நமது தொன்மையான கலை, அதை விட்டுவிடாதே" என்று அவனிடம் சொல்ல ஒருநாள் நாவெடுத்தோம். நல்லவேளை, சொல்லவில்லை. பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட தொழிலை உதறுவது அவர்களுக்கு விடுதலை. கலையின் பெயரால் அதைத் திரும்பச் சுமத்த நாம் யார்? எமது மிருதங்கத்திலும் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைவாரும் உண்டு. அவற்றைப் பதமிட்டுக் கட்டும் கைகள் மேடையேறாத வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இலே ஒரு நூலாகவே எழுதினார். எமது மடியிலே கலையாகும் தோல் அவன் தகப்பனாரின் தோளிலே சாதியாகிவிடுகிறது.

மன்னிப்புக் கேட்டது தனியிடத்தில். இழிவு நிகழ்ந்ததோ வகுப்பு முழுவதன் முன்னிலையில். இதுவும் பிந்தியே உறைத்தது. மறுவாரம் வகுப்பிலே அதைச் சொன்னோம், தடுமாறித்தான் சொன்னோம். அவன் முகத்தை நோக்கத் துணியவில்லை.

இப்போது சில நாட்களிலே இடைவேளையில் அவனாகவே வருகிறான். மேசையிலே நாம் தட்ட, அவன் கேட்பான். "இடக்கை சுணங்குது, சேர்" என்று தானும் தட்டிக் காட்டுவான். சென்ற கிழமை அவ்வாறு தட்டுகையில் விறாந்தையிலே காலடியோசை கேட்டது. அவனுடைய கைகள் மேசையின் கீழே மறைந்தன. நாம் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தோம், தனியே, பிழையாக.