யந்திரங்களின் சம்பாஷணை

கடலில் சில வருஷங்கள் வளர்ந்து, பிறந்த ஓடையைத் தேடி அமெரிக்காவின் கொலம்பியா நதிக்குள் பிரவேசிக்கும் சினூக் சால்மன் மீன், அதன் பிறகு ஆகாரம் கொள்வதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பையே கட்டுச்சோறாகக் கொண்டு, கடலிலிருந்து சுமார் 235 கிலோமீட்டரில் 1938-ஆம் ஆண்டு முதல் நிற்கும் பானவில் அணை தொடங்கி, ஐடஹோ மலையோடைகளை அடைவதற்குள் எட்டு அணைகளை, அவற்றின் ஓரத்தில் கட்டிய மீன் ஏணிகளின் வழியே ஏறிக் கடக்கிறது. அந்தப் பிரயாணத்தில் அது எங்கே தயங்குகிறது, எங்கே வழி தவறுகிறது என்று அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர்கள், காலியாயிருக்கும் அதன் இரைப்பையிலேயே ஒரு சிறு ரேடியோ கருவியை வாய் வழியாக வைத்தனுப்பினார்கள். கருவியின் மெல்லிய ஆன்டெனாக் கம்பி உதட்டோரத்தில் ஒற்றை மீசைபோல் நீண்டிருக்க, மீன் போகும் வழியெல்லாம் தன் சங்கேத எண்ணைச் சொல்லிக்கொண்டே போகும்.

அந்தச் சொல்லைக் கேட்பதற்காக நதிக்கரையில் நிறுத்திய பெட்டிகளில் ஒன்றைச் சில காலம் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா. கீழே தகரப் பெட்டிக்குள் ரிசீவர், பன்னிரண்டு வோல்ட் பாட்டரி, தொலைபேசிக் கம்பியில் இணைத்த மோடம். எந்த மீன், எந்த நேரம், எவ்வளவு பலமான ஒலி என்று ரிசீவர் தன் நினைவில் குறித்துவைக்கும்; தூரத்து ஊரில் இருப்பவர் தொலைபேசியில் அழைத்தால், மோடம் எடுத்து அந்தக் குறிப்புகளை ஒப்புவிக்கும். ஆனால் இரண்டு யந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டதனாலேயே அவை பேசிக்கொள்வதில்லை என்பதை முதல் நாளே கற்றேன்.

ரிசீவரும் நான் கொண்டுபோன மடிக்கணினியும் ஒரே ஜாதி: இரண்டும் மூன்றாம் ஊசியில் பேசி இரண்டாம் ஊசியில் கேட்பவை. நேர் கேபிளால் இணைத்தால் வாயோடு வாயும் காதோடு காதும் சேருமேயன்றி, ஒன்றின் சொல் மற்றதன் செவியில் விழாது; அவற்றுக்குக் கம்பிகளைக் குறுக்கே மாற்றிய கேபிள் வேண்டும். மோடமோ எதிரே நின்று கேட்பதற்கென்றே பிறந்த ஜாதி. அதற்கு நேர் கேபிளே போதும். கம்பி சரியான பிறகு வேகம். வினாடிக்கு 9600 துடிப்பு, எழுத்துக்கு எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று இரு தரப்பிலும் ஒன்றேபோல் வைக்க வேண்டும். நடுவே தாளம் போடுபவர் எவரும் இல்லாமையால், எழுத்தின் முதல் துடிப்பைக் கேட்ட கணத்திலிருந்து ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தையே நம்பி எண்ணிக்கொண்டு போகிறது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த விவேகம் ஒன்று உண்டு. திரை மௌனமாயிருந்தால் குற்றம் பெரும்பாலும் கம்பியில். திரையில் பொருளற்ற எழுத்துக்கள் குழறினால் குற்றம் வேகத்தில். குழறலைக் கண்டு சோர்ந்துபோவது பேதைமை. அங்கே ஒரு ஜீவன் பேசிக்கொண்டிருக்கிறது, நாம்தான் அதன் நடைக்கு நம் நடையைப் பொருத்தவில்லை.

மோடத்துக்கு 'ஏ.டி.' என்று தொடங்கும் கட்டளைகளால் புத்தி சொல்ல வேண்டும். முதல் மணியிலேயே எடு என்று சொன்னேன், 'ஓகே' என்றது, திருப்தியோடு பெட்டியை மூடிவிட்டேன். சொன்னதை நிரந்தர நினைவில் எழுதிக்கொள் என்னும் இன்னொரு கட்டளையை இடவில்லை. பிறகு வாரக் கணக்கில் மேகம் மூடி, பாட்டரிக்கு ஊட்டம் தரும் சூரியத் தகடு சோர்ந்து, பாட்டரி இறங்கி எல்லாம் அணைந்தன. வெயில் வந்ததும் ரிசீவர் விழித்துத் தன் காதைத் திறந்துகொண்டது. மோடமும் விழித்தது, ஆனால் தொழிற்சாலையில் பழகிய வழக்கத்தோடு. நாங்கள் அழைத்தோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ரிசீவரின் நினைவு நிரம்பி மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த மூன்று நாளில் பெட்டியைக் கடந்துபோன மீன்களை எண்ணி இன்றும் மனம் கனக்கிறது. மேலேறிய சினூக் மீன் முட்டையிட்டதும் இறந்துவிடுகிறது; அதே வழியில் மறுபடி வந்து, விட்டுப்போனதைச் சொல்லாது. ஆயுளில் ஒரே முறை ஒரு பிராணி சொல்லிப்போகும் வார்த்தையைக் கேட்க உட்கார்ந்தவனுக்கு, ஒரு வரிக் கட்டளையும் அற்பமானதன்று.

அதன் பிறகு எந்தப் பெட்டியையும் ஒரு காரியம் செய்யாமல் நான் மூடியதில்லை. அமைப்பையெல்லாம் முடித்து, எழுதிக்கொள் என்றும் சொல்லி, பாட்டரிக் கம்பியை என் கையாலேயே பிடுங்கிவிடுவேன். பத்து எண்ணி மீண்டும் மாட்டுவேன். சாலைக்கு ஏறிப்போய், அங்கிருந்த தொலைபேசியில் அந்த எண்ணைச் சுழற்றுவேன். முதல் மணி முடிந்ததும் காதைத் துளைக்கும் அந்த மோடத்தின் கூவல் எழும். அதைக் கேட்ட பிறகே ஊர் திரும்புவேன்.