குற்றப்பத்திரிகை வராத செவ்வாய்க்கிழமை



2006 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. காலையில் நான் வேலைக்குக் கிளம்புவதற்குள் வானொலி சொல்லிவிட்டது: கார்ல் ரோவ் மீது வழக்கு இல்லை. அதிபர் புஷ்ஷை இரண்டு தேர்தல்களில் கரையேற்றிய வியூக வகுப்பாளர் அவர். சிறப்பு வழக்கறிஞர் பாட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் முந்தைய நாளே ரோவின் வக்கீலுக்குத் தகவல் சொல்லியிருந்தார்.

வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில் அன்று எங்கள் அலுவலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. குடியரசுக் கட்சிக்காரரான சக ஊழியர் ஒருவர், "மூன்று வருஷமாகத் திட்டினார்களே, இப்போது மன்னிப்புக் கேட்பார்களா?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஈராக் போரை முதல் நாளிலிருந்தே எதிர்த்துவந்த ஒரு மூத்த பெண்மணி காலை முழுக்க யாருடனும் பேசவில்லை. மதியம் என்னிடம் மட்டும் மெல்லக் கேட்டார்: "அப்படியானால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டதா?"

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க சதாம் உசேன் முயன்றார் என்று 2003 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில் புஷ் சொன்னார். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே சிஐஏ அனுப்பி நைஜருக்குப் போய் விசாரித்துவந்தவர் முன்னாள் தூதர் ஜோசப் வில்சன். அங்கே அப்படி எதையும் காணவில்லை என்று 2003 ஜூலை 6 அன்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். எட்டே நாளில், ஜூலை 14 அன்று, ராபர்ட் நோவாக்கின் பத்தியில் வில்சனின் மனைவி வெலரி பிளேம் சிஐஏவில் வேலை பார்ப்பவர் என்று பெயரோடு அச்சேறியது. ஒரு பெண்ணின் ரகசியப் பணி அன்றோடு முடிந்தது.

இதில் ரோவின் பங்கு ஊகம் இல்லை. டைம் இதழின் மேத்யூ கூப்பர் தன் ஆசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல் 2005இல் வெளியே வந்தது. 2003 ஜூலை 11, வெள்ளிக்கிழமை, ரோவ் விடுமுறைக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சு. வில்சனின் மனைவி சிஐஏவில் இருக்கிறார், பயணத்துக்கு அவர்தான் அனுமதி தந்தார் என்ற தகவல் அதில் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. நோவாக்குக்குச் செய்தியை உறுதிசெய்த இரண்டாவது ஆளும் ரோவ்தான். இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

ஆனால் இதைக் குற்றம் என்று நிரூபிப்பது வேறு வேலை. உளவாளிகளின் அடையாளத்தைக் காக்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உளவாளி ரகசியப் பணியில் இருப்பதும் அரசு அதை மறைக்க முயல்வதும் சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாசல் மிகக் குறுகல். ரோவுக்கு இருந்த உண்மையான ஆபத்து சாட்சியத்தில்தான். கூப்பரோடு பேசியதை கிராண்ட் ஜூரி முன் முதலில் அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பின்னால் விளக்கினார். ஐந்து முறை சாட்சிக்கூண்டு ஏறினார். மறந்தார் என்பதைப் பொய் என்று நிரூபிப்பது எளிதில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் வழக்குப் போடாததை நான் குறைசொல்ல மாட்டேன். சந்தேகத்தை வைத்து ஒருவரைக் கூண்டில் ஏற்றாத வழக்கறிஞர்தான் எந்த ஊருக்கும் வேண்டும்.

என் ஆதங்கம் மற்றவர்கள் மீது. 2003 இலையுதிர்காலத்தில் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஸ்காட் மெக்லெல்லன், ரோவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். கசியவிட்டவரை வேலையைவிட்டு நீக்குவீர்களா என்று 2004 ஜூனில் கேட்டபோது புஷ் ஆமாம் என்றார். கூப்பரின் மின்னஞ்சல் வெளியான பிறகு, 2005 ஜூலையில், குற்றம் செய்தவர் என் நிர்வாகத்தில் இருக்க மாட்டார் என்று பேச்சு மாறியது. அன்றைக்கே கோடு நகர்ந்துவிட்டது. ஓர் அதிகாரி தன் பதவிக்குத் தகுதியானவரா என்ற கேள்வியை, அவர் சிறைக்குப் போவாரா என்ற கேள்வி விழுங்கிவிட்டது.

எதிர்த்தரப்பும் அதே வலையில் போய் விழுந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். ரோவ் கைவிலங்கோடு வெள்ளை மாளிகையிலிருந்து நடத்திக் கூட்டிச் செல்லப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று வில்சனே 2003 ஆகஸ்டில் பேசினார். கணவன் மனத்தில் இருந்த கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கைவிலங்குக் காட்சி ஒரு பாதி நாட்டின் கனவாகிவிட்டது. குற்றப்பத்திரிகை வரும் நாளை கிறிஸ்துமஸ் போல எதிர்பார்த்தார்கள். 2006 மே மாதத்தில், அது தயாராகிவிட்டது என்றே ஒரு செய்தி உலவியது. எல்லாவற்றையும் ஒரே வழக்கறிஞர் கையில் வைத்துவிட்டதால், அவர் இல்லை என்றதும் பேச வார்த்தை இல்லாமல் போனது. ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹோவர்ட் டீன் மட்டும் தொலைக்காட்சியில், ரோவுக்கு வெள்ளை மாளிகையில் இடமில்லை என்றார். சரியான பேச்சு. கேட்க ஆளில்லை.

ஜூன் 13 அன்று பாக்தாதில் இருந்த புஷ், மறுநாள் வாஷிங்டன் திரும்பி, இந்த அத்தியாயம் முடிந்தது என்றார். அதற்கும் மறுநாள், வியாழக்கிழமை, ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை 2,500ஐத் தொட்டதாக பென்டகன் அறிவித்தது. இல்லாத யுரேனியத்தைக் காட்டித் தொடங்கிய போர் அது. என் சக ஊழியர் கேட்ட மன்னிப்பை யார் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்?

பின்கதை கொஞ்சம். நோவாக்கிடம் முதலில் சொன்னவர் வெளியுறவுத் துறையின் ரிச்சர்ட் ஆர்மிடேஜ் என்பது அந்த ஆண்டே அம்பலமானது. அவர் மீதும் வழக்கு இல்லை. துணை அதிபர் செனியின் உதவியாளர் லிப்பி மட்டும் 2007 மார்ச்சில் பொய்ச்சாட்சியத்துக்கும் விசாரணையைத் தடுத்ததற்கும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். தீர்ப்புக்குப் பின் வெளியே வந்த ஜூரி ஒருவர், ரோவ் எங்கே, மற்றவர்கள் எங்கே என்று நாங்கள் உள்ளே கேட்டுக்கொண்டோம் என்றார். லிப்பியின் 30 மாதச் சிறையை புஷ் ரத்து செய்தார்; 2018இல் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்தார்.

லிப்பி தீர்ப்புக்குப் பத்து நாள் கழித்து, மார்ச் 16 அன்று, பிரதிநிதிகள் சபைக் குழு முன் வெலரி பிளேம் சாட்சி சொன்னார். அதே கூட்டத்தில் வெள்ளை மாளிகைப் பாதுகாப்பு அலுவலக இயக்குநர் ஜேம்ஸ் நோடெலும் அழைக்கப்பட்டிருந்தார். ரகசியம் கசிந்தால் விசாரித்துத் திருத்த வேண்டிய பொறுப்பு அந்த அலுவலகத்தினுடையது. நீங்கள் விசாரித்தீர்களா என்று கேட்டார்கள். இந்தக் கசிவைப் பற்றி எங்கள் அலுவலகம் எந்த விசாரணையும் நடத்தவில்லை என்றார் அவர். ரோவ் அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசி வரை அதே வெள்ளை மாளிகையில் பணியாற்றிவிட்டுத் தானாக விலகிப் போனார்.

அன்புடன்,
வர்ஜீனியாவிலிருந்து