சூட் அறையும் பாய் விரித்த தளமும்

கப்பலில் ஆட்டம் குறைவான இடம் நடுப்பகுதி, அதுவும் நீர்மட்டத்தை ஒட்டிய தளங்கள். மேலே போகப் போக ஆட்டம் கூடும். விலையும்தான்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து மூன்று இரவுப் பயணம். அம்மா, அப்பாவுக்காக உச்சித் தளத்தில், பால்கனி வைத்த சூட் எடுத்திருந்தேன். ஒரு மாதச் சம்பளம் போனது. குளியலறையில் சாக்கடை வாடை. ஏர்கோன் விடியும்வரை இரைந்தது. அம்மாவின் குறையே வேறு: “ஜெலாப்பாங்ல பக்கத்து வீட்டு குக்கர் விசிலாவது கேக்கும். இங்க மனுச சத்தமே இல்லையேய்யா.” மறுநாள் முழுக்க இருவரும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில்தான் இருந்தார்கள்.

பாட்டி ரஜூலாவில் வந்தவர். 1926இல் கட்டிய கப்பல். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே 1970கள் வரை ஓடியது. ஆரம்பத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாய் விரித்த இடம்தான் அறை. நெரிசல், வாந்தி, நாற்றம். அந்தப் பயணத்தைப் பற்றி பாட்டி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த நெரிசலுக்கு நானும் ஏங்கவில்லை. ஆனால் சூட்டில் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது, பக்கத்தில் ஆளில்லாத வசதியை. பக்கத்துப் பாயில் படுத்து வந்தவரை, வேறு தோட்டத்துக்குப் போன பிறகும், பாட்டி சாகும்வரை “கப்பலக்கா” என்றுதான் கூப்பிட்டார்.