மதிலும் குளமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை என்று பள்ளிப் பருவத்தில் மனனஞ் செய்தோம். அராலிப் பக்கமாகக் கடலேரியிற் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதனையே கிணற்றில் மொண்டு வாழ்கிறோம். துலாவினால் இறைத்த காலத்தில் ஓர் அளவு இருந்தது. இயந்திரம் வந்தபின் அதுவும் போயிற்று. பல கிணறுகளில் உவர் ஏறலாயிற்று. முன்னோர் குளம் வெட்டியது மாடு குளிப்பாட்டுவதற்கு மட்டுமன்று, நிலத்துக்கு நீரூட்டவுமே.

வலிகாமத்தில் எங்கள் கோயிலடிக் குளம், போரும் இடப்பெயர்வும் கழிந்தபின் தூர்ந்து கிடந்தது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், "அரசாங்கம் செய்யட்டும்" என்றனர் சிலர். நான் எழுந்து, மூளாயில் மக்கள் 1936ஆம் ஆண்டிலேயே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை நிறுவியதை எடுத்துரைத்தேன். ஆசிரியனல்லவா, சற்று நீளமாகவே பேசிவிட்டேன். ஆவணியில் நான்கு ஞாயிறுகள் சிரமதானம் நடந்தது. வீட்டுக்கொருவர் மண்வெட்டியுடன் வந்தனர். பெண்கள் கஞ்சி காய்ச்சினர். என் மாணவர் கடகத்திற் சேறு சுமந்தனர்.

ஐப்பசி மழை பெய்தது, கார்த்திகையும் கழிந்தது. குளத்தில் முழங்காலளவு நீரே நின்றது. ஒழுங்கையிலோ வெள்ளம் தேங்கி, தாழ்ந்த வீடுகளுக்குட் புகுந்தது. முதியவர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, குளத்தை வெட்டினியள், சரி. வெள்ளம் எதாலை வரும்? உங்கடை மதிலைப் போய்ப் பாருங்கோ" என்றார்.

அப்பா காலத்தில் எங்கள் வளவைச் சுற்றிப் பனையோலை வேலிதான். மழைவெள்ளம் அதன் அடியால் ஊடறுத்துக் குளத்துக்குப் போகும். பின்னர், கனடாவிலுள்ள தம்பி பணம் அனுப்ப, முன்னின்று மதில் கட்டுவித்தவன் நான். "தண்ணி போக வழி விடுவமோ, மாஸ்ரர்?" என்று மேசன் கேட்டதும் நினைவில் இருக்கிறது. அயலாரின் அழுக்குநீர் வந்துவிடும் என்று மறுத்துவிட்டேன்.

அன்றிரவு தம்பியுடன் தொலைபேசியிற் பேசினேன். "அண்ணை, காசு குடுத்துக் கட்டின மதிலை உடைக்கிறதோ?" என்றான். கூட்டத்தில் அவ்வளவு பேசிய எனக்கு உடனே விடை வரவில்லை. அவன் மனம் இசைய ஒரு கிழமை சென்றது.

மார்கழியில் அதே மேசன் வந்து மதிலின் அடியில் மூன்று வழிகள் திறந்தார். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒழுங்கையில் இன்னும் நான்கு மதில்கள் நின்றன. இரு வீட்டார் தாமாகவே வழிவிட்டனர். மற்ற இரு வீட்டாரும் வெளிநாட்டில். அவர்களுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பைச் சங்கத்தார் என்னிடமே தந்தனர். முதற் பந்தியில் என் மதிலைப் பற்றித்தான் எழுதினேன்.