மலைக்கு அப்பால் ஒரு மீன்

கோம்பை என்றதும் எல்லோருக்கும் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். செம்பழுப்பு மேனியும் கரிய மூஞ்சியுமாக நிற்கும் அந்த ஜாதிக்கு அத்தனை பெயர். எனக்கோ அவ்வூர்த் தெருவில் நின்று மேற்கு மலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மீனின் நினைவு வருகிறது. அது கோம்பை மீன் அல்ல. மலைக்கு அப்பால், கேரளத்தில், பெரியாறு ஏரியில் வந்து விழும் குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவிப்பது அது நீந்திய தண்ணீர்தானே! பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் திறந்ததிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்த நீர் இந்தப் பக்கம் வருகிறது.

பெரியாறு ட்ரௌட் என்று அதற்குப் பெயர். நீலகிரியிலும் மூணாறிலும் துரைமார்கள் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்து விட்ட ட்ரௌட்டுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. 1941-ல் சுந்தரராஜ் என்ற நம்மவர் இதை விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தபோது, ஆசனவாயை ஒட்டி உறைபோல் அமைந்த செதில்களைக் கண்டு, ஹிமாலய ஆற்று மீன்களின் சொந்தம் என்று கருதினார். இமயம் எங்கே, இடுக்கி எங்கே! பிற்கால மரபணு ஆராய்ச்சி அந்த உறவை ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும், உலகில் வேறெங்கும் இது இல்லை என்பதுதான் விஷயம்.

1978-ல் அந்தக் காடு புலிகள் காப்பகமாயிற்று. புலியின் தயவில் ஓடைகளுக்கு நிழல் மிஞ்சியது. நிழல் போனால் தண்ணீர் சூடேறும். மண் கரைந்து கூழாங்கற்களை மூடிவிடும். ஆனால் ஏரியில் இருக்கும் விருந்தாளிகளைப் புலி என்ன செய்யும்? சாதாக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஏரியில் பெருகி, உள்ளூர் மீனின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடுகின்றன.

இதையெல்லாம் கோம்பை டீக்கடையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். சம்சாரி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மீனுக்காகத் தண்ணியை அடைச்சிருவாகளா, தம்பி?" என்றார்.

அவர் பயம் நியாயமானது. அணையின் நீர்மட்டம் பற்றி இரண்டு ராஜ்யங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்றது. மீன் கட்சிக்காரர் அல்ல, வக்காலத்து போடவில்லை. தண்ணீரை அடைக்க வேண்டியதில்லை என்று அவருக்குச் சொன்னேன். மேலே ஓடைகளில் காடு நிற்க வேண்டும், அயல் மீன் ஏறக் கூடாது, அவ்வளவுதான். சொல்வது சுலபம். ஏரியில் வலை வீசும் மன்னான் குடும்பங்களுக்கு அந்த அயல் கெண்டையே அன்றாடச் சோறு. கெளுத்தியைப் பிடித்து வருகிறவர்களுக்குச் சர்க்கார் நல்ல விலை கொடுத்தால், வலையும் பிழைக்கும், ஓடையும் பிழைக்கும் என்று எனக்குப் படுகிறது.

பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு, "அந்த மீன் ருசியா இருக்குமா?" என்று கேட்டார்.