நீலாய்: தாத்தாவின் விலாசம்

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குப் போகும் கொமுட்டர் ரயில், பாங்கியும் பாத்தாங் பெனாரும் தாண்டி நீலாயில் நிற்கும். இறங்குகிறவர்களில் பலர் முதுகில் பை மாட்டிய மாணவர்கள். 1998-இல் தொடங்கிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம், இன்டி (INTI), நீலாய் பல்கலைக்கழகம் என்று ஊருக்குள் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் தொழிற்சாலைக்குப் போகும் நேபாளிகள், வங்காளதேசிகள். தமிழர்களும் இறங்குவார்கள். ஆனால் அவர்களில் ரயிலடியிலிருந்து நடந்தே தோட்டத்துக்குப் போக வேண்டியவர் இன்று யாருமில்லை.

நீலாய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஊர் மூன்று. தண்டவாளத்தை ஒட்டி இரண்டு வரிசைக் கடைகளுடன் கிடப்பது பழைய நீலாய். மளிகைக் கடை, மருந்துக்கடை, கோப்பிக் கடை, ஒரு முடிவெட்டும் கடை. தொண்ணூறுகளில் எழுந்தது பண்டார் பாரு நீலாய். மூன்றாவது, கம்பளமும் துணியும் பிளாஸ்டிக் பூவும் மொத்த விலைக்கு விற்கும் 'நீலாய் 3'. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் சிலாங்கூரிலிருந்தெல்லாம் அங்கே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். 1998-இல் பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. அறிமுகம் எழுதுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். என் தாத்தாவைக் கேட்டால் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நீலாய் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு நீலாய் என்றால் கித்தாக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். கடைத்தெரு சம்பள நாளில் மட்டும் போய்வருகிற இடம்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தத் தோட்டத்துப் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறப்போவதில்லை என்பதுதான் காரணம்.

தாத்தா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா சேலம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆள். 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குச் சில வருஷம் முன்பே அவர் வந்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போட அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர் திரும்பவில்லை. அதைப்பற்றித் தாத்தா பேசியதே கிடையாது. சயாமில் என்ன நடந்தது என்பதை நான் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்து முடித்த அன்றைக்குத் தாத்தாவிடம் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

அவர் பேசியதெல்லாம் மரத்தைப் பற்றி. விடிகாலை நாலரைக்கு எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசித்து முடித்ததும் அவரவர் நிரைக்குப் போவார்கள். ஒரு ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்க வேண்டும். மழை பெய்தால் வேலை கிடையாது, அன்றைய கூலியும் கிடையாது. மேகம் கூடுகிற நாளில் லயத்தில் யார் முகத்திலும் சிரிப்பிருக்காது என்று பாட்டி சொல்வார்.

வெட்டு என்று பெயர்தானே ஒழிய, அது சீவுவது. பழைய கோட்டுக்குக் கீழே பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். குறைத்து வெட்டினால் பால் வராது. ஆழப் போனால் கத்தி கட்டையைத் தொட்டுவிடும்; அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றுக்கு அது உதவாது. "எலும்புல படக் கூடாதுடா" என்பார். நான் பத்து வயதில் ஒரு தரம் அவர் கத்தியை வாங்கிக் கொல்லையில் நின்ற மரத்தில் முயன்றேன். முதல் இழுப்பிலேயே எலும்பு. அவர் திட்டவில்லை. மண்ணைக் குழைத்து அந்தக் காயத்தில் அப்பிவிட்டு, கத்தியைத் துடைத்து மேல்சட்டத்தில் செருகிவிட்டார். அந்தக் கத்தி இப்போது அப்பாவின் அலமாரியில் இருக்கிறது. கைப்பிடியில் அவருடைய கட்டைவிரல் இருந்த இடம் மட்டும் பள்ளம்.

மரங்களை அவர் பெயர் சொல்லித்தான் பேசுவார். "பிபி எண்பத்தாறு நல்லா ஊத்தும், காத்துக்குத்தான் நிக்காது" என்பார். பிபி என்பது பிராங் பெசார் தோட்டத்தின் சுருக்கம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921-இல் உண்டாக்கிய தோட்டம் அது. அங்கே ஒட்டுக்கட்டித் தேர்ந்த ரப்பர் ரகங்கள் பிறகு உலகம் சுற்றின. அதே நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. தொண்ணூறுகளில் அங்கிருந்த பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டத்துக் குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நீலாயிலிருந்து காரில் அரை மணி தூரம். பிரதமர் அலுவலகத்தை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தாத்தா கேட்டது, "அந்த மரத்தையெல்லாம் என்ன பண்ணினாங்க?"

தகரப் பெட்டியில் மூன்று காகிதங்களை வைத்திருந்தார். 1954-இல் உருவான தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் அட்டை ஒன்று. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் இன்னொன்று. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நாமே தோட்டம் வாங்கலாம் என்ற யோசனை அது. அன்றைக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகையில்லை. பாட்டி ஒரு கோழியை விற்றுத்தான் முதல் மாதத் தவணை கட்டினாராம். மூன்றாவது, குடியுரிமை பெற்றவருக்கான நீல அடையாள அட்டை. அதை வாங்கத் தாமதித்த பக்கத்து வீட்டார் சிவப்பு அட்டையோடு நின்றுபோனார்கள். 1969-இல் வேலை பெர்மிட் கேட்கத் தொடங்கியதும் கப்பல் ஏறினார்கள். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா விட்டுப்போன ஆட்டுக்கல் எங்கள் வாசலில் ரொம்ப நாள் கிடந்தது. "வந்து எடுத்துக்கும்" என்று பாட்டி கடைசிவரை அதில் மாவாட்டவில்லை.

பிறகு செம்பனை வந்தது. ரப்பருக்கு வேண்டிய ஆளில் பாதிகூட அதற்குத் தேவையில்லை. பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். அதற்கும் பிறகு, நிலமே பயிரைவிட அதிகம் தரும் என்று எல்லாருக்கும் புரிந்தது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பது வருஷம் சுண்ணாம்பு அடித்து, கொல்லையில் முருங்கையும் வாழையும் வைத்து, நான்கு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் வந்தது. மலாயில். அப்பா அதை மொழிபெயர்த்துப் படித்தார். தாத்தா கேட்டுவிட்டு, "கோயிலுக்கும் எழுதியிருக்கானா?" என்றார். எழுதியிருந்தார்கள். மாரியம்மனை ஒரு லாரியில் ஏற்றி, நாங்கள் குடிபோன தாமான் என்ற வீடமைப்புப் பகுதியின் ஓரத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் வைத்தார்கள். லாரியின் பின்னால் தாத்தா ஏறிக்கொண்டு அம்மனைப் பிடித்தபடியே போனார். அவர் அவ்வளவு சின்னவராய்த் தெரிந்தது அன்றைக்குத்தான்.

தாமான் வீட்டில் அவர் பன்னிரண்டு வருஷம் இருந்தார். நாலரைக்கு எழும் பழக்கம் போகவில்லை. எழுந்து கோப்பி ஓ போட்டுக் குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து, மேலே இறங்கும் விமானங்களை எண்ணுவார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் எட்டு வெள்ளிக்கு ரொட்டி சானாய் வாங்கித் தருகிற தாத்தா. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் வேட்டி கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து, யாருடைய பிள்ளை பரிசு வாங்கினாலும் எழுந்து கைதட்டுகிற தாத்தா.

நீலாயில் பெரிய நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் சிங் மிங் சமயத்தில், கோலாலம்பூரிலிருந்து வரும் கார்களால் சாலை அடைத்துக்கொள்ளும். தங்கள் தாத்தாவைப் பார்க்க வருகிறவர்கள். அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் தாத்தாவுக்குக் கல் கிடையாது. அஸ்தியைப் போர்ட்டிக்சன் கடலில் கரைத்தோம். தோட்டத்துச் சுடுகாடு இருந்த இடம் எது என்று அப்பாவாலேயே இப்போது உறுதியாகக் காட்ட முடியவில்லை.

அதனால் வருஷா வருஷம் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிறோம். முதல் வருஷம் விளம்பரப் பிரிவுப் பெண் படிவத்தைப் படித்துக்கொண்டே கேட்டார்: தோற்றம்? அட்டையில் இருந்த தேதியைச் சொன்னோம். அது கிராணி குத்துமதிப்பாய் எழுதியது. மறைவு? சொன்னோம். விலாசம்? அப்பா தோட்டத்தின் பெயரைச் சொல்லி, 71800 நீலாய் என்றார். "ஐயா, அந்தத் தோட்டம் இப்ப இருக்குங்களா?" அப்பா பதில் சொல்லாமல் எழுத்துக்கூட்டத் தொடங்கினார். தாமான் பெயரைப் போடலாமே என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் அவனும் அடங்கினான்.

விளம்பரம் வந்த அன்று மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. லுக்குட்டிலிருந்து ஒரு முதியவர். பத்திரிகையில் தோட்டத்தின் பெயரைப் பார்த்தாராம். படம் சரியாகத் தெரியவில்லை, கண்ணில் புரை, பேரன்தான் வாசித்துக் காட்டினான் என்றார். தாத்தாவின் பெயரில் அங்கே மூன்று பேர் இருந்தார்கள், எந்த லயம் என்று சொல்லுங்கள் என்றார்.

"கோயிலடி லயம், மூணாவது வீடு" என்றார் அப்பா.

"முருங்கை மரம் நிக்குமே, அந்த வீடா?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.